அசல் அச்சு

முன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு வண்டியை மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திய அன்று காலையிலிருந்தே தூறல். தகரக் கூரையில் தூறல் விழுந்தால் பட்டறைக்குள் ஒரு பேச்சும் காதில் விழாது. லேத்தும் ஓடினால் கேட்கவே வேண்டாம். அதனால் அக்காவும் தம்பியும் அங்கே பேசிக்கொள்வதெல்லாம் கத்தலாகத்தான் இருக்கும். தெருவில் போகிறவர்கள் ஏதோ சொத்துச் சண்டை என்று நின்று காது கொடுப்பார்கள். "கிரீஸ் டப்பாவை எங்கடா வெச்ச?" என்பதுதான் விஷயம் என்று தெரிந்ததும் ஏமாந்துபோய் நகர்ந்துவிடுவார்கள்.

தம்பிக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊரில் அவனை மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு மைக்ரான். பட்டறைக்கு எந்த வேலை வந்தாலும், "எத்தனை மைக்ரான் வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம்?" என்று கேட்பான். ஒருமுறை மாட்டுக்கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளுக்கும் அதையே கேட்டான். அன்றைக்கு ஒட்டிய பேர். பட்டறை அக்காவின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. அவன் இருந்தது மாடி அறையில். சாப்பாடு அக்கா கையால். கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களெல்லாம் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு ஊரில் டிரைவிங் அக்கா என்று பேர். முப்பத்தொரு வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் ஒழுங்காக ஓட்டத் தெரியாதவர்கள் என்பது அவள் அபிப்பிராயம். சின்ன வயதில் பந்தயங்களில் ஓட்டியிருக்கிறாள். கட்டைமேல் நிற்கிற பச்சை வண்டி அந்த நாளில் வாங்கியது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. நீள மூக்கு, தரையோடு தரையாக உடம்பு. பக்கத்தில் நின்றால் உங்கள் இடுப்புக்கு மேல் வராது. அதில் ஏறுகிறவர்கள் ஏறுவதில்லை, இறங்குகிறார்கள்.

அவள் இருபத்தாறாவது வயதில் மலைப்பாதைப் பந்தயம் ஒன்றில் இந்த வண்டியின் இடது முன் சக்கரம் தனியாகக் கழன்று அவளுக்கு முன்னால் ஓடியது. சக்கரத்தைத் தாங்குகிற குட்டை அச்சு முறிந்துவிட்டது. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் புதிதாக வாங்கிப் போட்ட அச்சு. அட்டைப்பெட்டி அசல், உள்ளே இருந்தது போலி. அவள் இடது முட்டிக்குள் இன்னமும் ஒரு கம்பி இருக்கிறது. மழைக்காலத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஏறலாமா வேண்டாமா என்று அந்தக் காலோடு கலந்து பேசிவிட்டுத்தான் ஏறுவாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் மிக்ஸிக்கு வாஷர் வாங்கினாலும் கம்பெனி முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. மொத்தமாக இல்லை. பார்வையின் நடுவில் ஒரு கறை. சுற்றிலும் தெரியும், பார்க்கிற இடம் தெரியாது. "உன் காது ரெண்டும் தெரியுதுடா. மூக்கு இருக்க வேண்டிய இடத்துல புகை இருக்கு" என்று தம்பியிடம் சொன்னாள். பாடம் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு நாள் முன்னால் போன சைக்கிள்காரரை அவள் பார்க்கவில்லை. ஓட்டிய பெண்தான் பார்த்து நிறுத்தினாள். அன்று மத்தியானமே அக்கா பெயர்ப்பலகையைக் கழற்றினாள். லைசென்ஸைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கறை வருஷக் கடைசிக்குள் இன்னும் பரவும், அதற்கு மேல் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ரோட்டில் ஓட்டுகிற ஆசை அவளுக்கு இல்லை. ஆள் நடமாட்டமில்லாத ஓர் இடம், தன் பச்சை வண்டி, ஒரு தடவை. அவ்வளவுதான் கேட்டாள்.

ஐந்து வருஷமாக அசையாமல் நின்ற வண்டி. மைக்ரான் நான்கு மாதமாக அதில் வேலை செய்தான். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தான். பிரேக், குழாய்கள், வயர்கள் எல்லாம் முடிந்தன. மிச்சமிருந்தது முன் சக்கர அச்சு இரண்டையும் சோதிப்பதுதான். பழைய விபத்துக்குப் பிறகு கம்பெனியிலிருந்தே வரவழைத்துப் போட்ட அசல் அச்சுகள் அவை. ஆனாலும் இரும்புக்கும் வயசாகும்.

வலது அச்சு தேறிவிட்டது. இடது அச்சைப் பெட்ரோலில் கழுவித் துடைத்து அதன்மேல் சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சினான். கால்மணி நேரம் விட்டு, சாயத்தை வழித்துத் துடைத்துவிட்டு, வெள்ளை மாவு மருந்தை அடித்தான். உலோகத்தில் விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த சிவப்பு மெல்ல மேலே ஊறி வெள்ளையில் கோடு போடும். கசியக்கூடாது என்று பார்த்துக்கொண்டே குந்தியிருந்தான். அச்சு அடித்தட்டோடு சேர்கிற வளைவில், தலைமுடி கிடந்த மாதிரி, ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

"என்னடா சத்தத்தையே காணோம்?" என்றாள் அக்கா, வாசற்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி.

"கோடு இருக்குக்கா."

"எவ்வளவு?"

"அரைச் சுத்து."

அவள் தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். "வேற தேடு. அசலா இருக்கணும்."

"அசல் எங்கக்கா கிடைக்கும்? இந்த வண்டி பண்றதை நிறுத்தியே நாப்பது வருஷம் ஆச்சு."

"நிறுத்தினது புதுசு பண்றதை. பண்ணினதெல்லாம் எங்கயாவது இருக்கும்ல?"

அவன் தேடினான். பழைய இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் நான்கு நாள் சுற்றினான். கியர்ப் பெட்டிகள் மலையாகக் குவிந்து, மழைத்தண்ணீரில் எண்ணெய் வானவில் போட்டு ஓடுகிற தெரு அது. ஒரு கடைக்காரர் உள்ளே போய், பட்டுச்சேலை எடுத்துக் காட்டுகிற பாவனையில் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

"அண்ணே, இது ஒரிஜினலுக்கே ஒரிஜினல்."

மைக்ரான் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினான். நல்ல இரும்பு மணி மாதிரி பாட வேண்டும். இது தகர டப்பா மாதிரி இருமியது.

"இது வார்ப்புங்க, உருக்கி ஊத்தினது. அடிச்சுச் செஞ்சதில்ல."

"தட்டிப் பாக்கற ஆளுக்கெல்லாம் நான் விக்கறதில்லண்ணே" என்று பெட்டியை மூடினார் கடைக்காரர்.

வெளியூர் வியாபாரிகளுக்குக் கடிதம், படம், போன். ஒருவர் இருக்கு என்றார், அனுப்பவில்லை. ஒருவர் அனுப்பினார், வேறு வண்டியின் அச்சு. இரண்டு மாதம் ஓடிவிட்டது. சாப்பிட உட்காரும்போது அக்கா தட்டில் கறித்துண்டைத் தேடி விரல்களை நகர்த்துவதை மைக்ரான் பார்த்தான். போன மாதம் அவள் அப்படித் தேடவில்லை.

அடுத்த வாரம் அவன் ஒரு காரியம் செய்தான்.

பட்டறை மூலையில் ஒரு லாரி அச்சுத்தண்டு கிடந்தது. நல்ல எஃகு. அதில் ஒரு துண்டை அறுத்து லேத்தில் பிடித்தான். பழைய அச்சை அளந்து அளந்து கடைந்தான். வளைவு, மரை, ஆணித் துளை, எதிலும் ஐந்து மைக்ரானுக்கு மேல் பிசகில்லை. சூடேற்றி இறுகவைக்கிற கடையில் கொடுத்து வாங்கினான். அவன் வாழ்க்கையில் அதைவிட அழகாக ஒரு சாமான் செய்ததில்லை. அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. எண் குத்துகிற உளிகளை எடுத்து, பழைய அச்சில் இருந்த எண்ணை அப்படியே புதியதிலும் குத்தினான். ஒன்பது, நாலு, ஏழு, நாலு. ஒவ்வொரு சுத்தியல் அடிக்கும் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். பிறகு கறுப்பு மசகைத் தடவி மெழுகுக் காகிதத்தில் சுற்றினான்.

"அக்கா, கிடைச்சிருச்சு."

"எங்கடா?"

"துறைமுகத்துப் பக்கம். ஒரு பழைய வியாபாரி."

அக்கா காகிதத்தைப் பிரித்தாள். மசகு கையெல்லாம் ஒட்ட, எண்ணின் மேல் விரலை ஓட்டினாள். அவள் முகம் இரண்டு மாதமாகப் பட்ட வாட்டமெல்லாம் போய்ச் சட்டென்று சின்னப் பெண் முகமாகிவிட்டது. தம்பியின் தலையைப் பிடித்து இழுத்து, மசகுக் கையோடு கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். "என் ராசா" என்றாள். அப்படி அவள் அவனைக் கூப்பிட்டு நாற்பது வருஷமிருக்கும்.

மைக்ரானுக்கு அந்தக் கன்னம் சாயங்காலம் வரை எரிந்தது.

மாமா, அதாவது அக்காவின் புருஷன், அச்சாபீசில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒல்லி. அதிர்ந்து பேசாதவர். ஹோட்டலுக்குப் போனால் விலைப்பட்டியலில் பிழை திருத்திவிட்டுத்தான் சாப்பாடு சொல்லுவார். டிரைவிங் ஸ்கூல் வீட்டில் இருந்துகொண்டு கடைசிவரை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளாத வீரர். அன்று சாயங்காலம் அவர் பட்டறைக்கு வந்து, பழைய அச்சையும் புதிய அச்சையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாப்ளே, இந்த நாலு வேற நாலு."

"என்ன மாமா?"

"பழசுல இருக்கற நாலுக்குத் தலை திறந்திருக்கு. இதுல மூடியிருக்கு. கம்பெனிக்காரன் ஒரே உளியிலதானே குத்தியிருப்பான்?"

மைக்ரான் கழிவுப் பஞ்சை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான்.

"நீ பண்ணினதா?"

"பழசை விட நல்லா பண்ணியிருக்கேன் மாமா. அளந்து பாருங்க."

"எனக்கு அளக்கத் தெரியாது. படிக்கத்தான் தெரியும்." அச்சைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். "நான் அவகிட்ட சொல்லப்போறதில்ல. நான் சொன்னா அது நான் உன்னைப் பிடிச்சதா ஆயிடும். நீயே போய்ச் சொன்னா நீயா ஒத்துக்கிட்டதா இருக்கும். காலைல காபிக்கு வா."

காலையில் அக்கா அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் மாறுவதை வைத்துத்தான் இப்போதெல்லாம் திருப்பிப் போடுவாள். அவன் நிலைப்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்கா, அந்த அச்சு நான் பண்ணினது."

சட்டுவம் நின்றது. முட்டை ஓரம் கருகுகிற வாசனை வந்தது. மாமா எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.

"நம்பர் இருந்துச்சே?"

"குத்தினேன்."

"துறைமுகம்?"

"இல்லக்கா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அவன் தோளை ஒடுக்கிக்கொண்டு நின்றான். அவள் கத்தவில்லை. முகத்தை அவன் பக்கம் திருப்பி, அவனைப் பார்க்க வேண்டுமென்றால் செய்கிற மாதிரி, பார்வையைக் கொஞ்சம் விலக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"கண்ணு தெரியாதவதானே, எதைச் சொன்னாலும் நம்பிப்பான்னு நெனச்சிட்டியா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. நாள் போகுதேன்னு…"

"நாள் போனா போகட்டும். முப்பத்தொரு வருஷம் பிள்ளைங்ககிட்ட என்ன சொன்னேன்? கண்ணாடியில தெரியறதை நம்பாதே, திரும்பிப் பாருன்னு சொன்னேன். உன்னை மட்டும்தாண்டா நான் திரும்பிப் பாக்கல."

அதன் பிறகு ஐந்து நாள் அவள் அவனோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் ஒரு வேளையும் தவறவில்லை. மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். "உங்க மச்சானுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளுங்க" என்பாள். மாமா திரும்பி, "மாப்ளே, இன்னும் சோறு வேணுமான்னு கேக்கறா" என்பார். "போதும்னு சொல்லுங்க மாமா." "போதுமாம்." "நேத்து ராத்திரியும் சரியாச் சாப்பிடலையே, ஏன்னு கேளுங்க." இப்படிப் பேசிப் பேசி, மூன்றாம் நாள் மாமாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆறாம் நாள் மைக்ரான் பட்டறையிலிருந்து குரல் கொடுத்தான். "மாமா, அக்காவை ஒரு நிமிஷம் வரச் சொல்லுங்க."

தான் செய்த அச்சு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்க்க, அதை அவன் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மாட்டியிருந்தான். சுற்றிலும் சாக்கைப் போட்டு மூடினான். அக்காவைத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வோர் அடிக்கும் அழுத்தம் காட்டுகிற முள் கொஞ்சம் ஏறியது. நல்ல அச்சு என்றால் முதலில் வளையும். வளைந்து, வருத்தப்பட்டு, சொல்லிவிட்டுத்தான் உடையும். இது சொல்லவில்லை. டப்பென்று ஒரு சத்தம். சாக்குக்குள் ஏதோ தெறித்து விழுந்தது.

"எத்தனைல போச்சு?" என்றாள் அக்கா. ஐந்து நாளில் அவள் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"தாங்க வேண்டியதுல பாதி கூட இல்லக்கா."

"துண்டைக் குடு."

உடைந்த முகத்தில் விரலால் தடவினாள். சர்க்கரைக்கட்டி உடைந்த மாதிரி பொலபொலவென்று இருந்தது. சூடேற்றிய கடையில் பக்குவம் தப்பியிருந்தது. மைக்ரான் கீழேயே உட்கார்ந்துவிட்டான்.

"எல்லா அளவும் சரியா இருந்துச்சுக்கா. அஞ்சு மைக்ரான் கூட…"

"அளவு சரியாத்தாண்டா இருந்திருக்கும். நீ பண்ணினதாச்சே." துண்டைத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிய கையை விடவில்லை. "இதுலதான் நான் போயிருப்பேன்னு பயந்துட்டியா?"

அவன் தலையாட்டினான். அவளுக்குத் தெரியாதே என்று நினைவு வந்து, "ஆமா" என்றான்.

"சரி, எந்திரி. மூக்கைத் துடை. எனக்குத் தெரியலேன்னாலும் கேக்குது. போனை எடு, நான் சொல்றவங்களுக்கெல்லாம் அடி."

முப்பத்தொரு வருஷத்துச் சேர்க்கைப் பதிவேடுகளைப் பரணிலிருந்து இறக்கினார்கள். மாமா விலாசங்களைப் படித்தார். அக்காவுக்கு யாருடைய பேரும் நினைவில்லை. செய்த தப்புகள்தான் நினைவிருந்தன. "ஆ, இவ ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அழுவா. இப்ப ஆம்புலன்ஸ் ஓட்டறா, அடி." "இவன் தபால் பெட்டியை இடிச்சவன். பழைய வண்டி வாங்கி விக்கறான்னு கேள்வி, அடி." இரண்டு நாளில் எழுபது பேருக்குப் போன் போனது. எழுபது பேரும் முதலில் எழுந்து நின்றுதான் பேசியிருப்பார்கள் என்று மாமா சொன்னார்.

கைப்பிரேக்கைப் போட்டபடியே நாலு கிலோமீட்டர் ஓட்டியவன் இப்போது தீவன லாரி ஓட்டுகிறான். அவனிடமிருந்துதான் தகவல் வந்தது.

"அக்கா, நான் லோடு எறக்கற ஒரு கோழிப்பண்ணையில, தார்ப்பாய்க்கு அடியில ஒண்ணு கெடக்கு. தவளை மாதிரி, கண்ணு ரெண்டும் முழிச்சிக்கிட்டு. உங்க வண்டியோட கூடப் பொறந்ததுதான்."

அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து மண்பாதையில் நடை. மழை விட்டு வெயில் ஏறி, தரையிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பண்ணை வருவதற்குக் கால்மணி முன்பே பண்ணையின் வாசனை வந்து அழைத்துப்போனது. நீள நீளமான கொட்டகைகள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தைக் கேட்டதும் முகம் இறுகியது.

"விக்கறதுக்கு இல்லைங்க. நாலு பேர் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க."

"விலைக்குக் கேக்கலம்மா" என்றாள் அக்கா. "தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு."

தார்ப்பாயை விலக்கினார்கள். சிவப்பு வண்டி. எஞ்சின் உள்ளே இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு வெள்ளைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்க மறுத்து மைக்ரானைக் கொத்த வந்தது. அக்கா கதவைத் தாண்டிக் கையை நீட்டி, முன்பலகையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது வைப்பர். இது விளக்கு. இந்தக் குமிழ் எப்பவும் கையோட வந்துடும்."

அந்த அம்மாள் பக்கத்தில் வந்தாள். "ஆமா, வந்துடும். அவர் மூணு தடவை ஒட்டினார். நீங்க இதை ஓட்டியிருக்கீங்களா?"

"இதே மாதிரி ஒண்ணை. முப்பத்தஞ்சு வருஷம்."

"எங்க வீட்டுக்காரர் வாங்கி வந்தப்பவே இது ஓடாது. ஒவ்வொரு சாமானா எங்கெங்கிருந்தோ வரவழைச்சார். சேத்து முடிக்கறதுக்குள்ள அவர் போயிட்டார். பத்தொன்பது வருஷமா இதைக் கழுவறேன், மூடறேன், கோழியை வெரட்டறேன். இது எப்படிச் சத்தம் போடும்னு எனக்கு இதுவரைக்கும் தெரியாது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அறுபத்தாறு வயதில், வாயாலேயே வண்டியைக் கிளப்பினாள். முதலில் ஸ்டார்ட்டர் இழுக்கிற இருமல். அப்புறம் அடித்தொண்டையில் ஒரு புரளல். கியர் மாற்றுகிற இடத்தில் ஒரு விக்கல். மேலே, மேலே, மூக்கிலிருந்து வருகிற கடைசி உச்சம். அடைகாத்த கோழி இருக்கையை விட்டுப் பறந்தது. கொட்டகைக்குள் ஆயிரம் கோழிகள் கப்பென்று வாயடைத்தன. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், அட்டையடுக்கின் மேல் உட்கார்ந்து பூட்ஸுக்குள் கண்ணீர் விழச் சிரித்தாள்.

தீவன அறையில் அவள் வீட்டுக்காரர் சேர்த்து வைத்த பெட்டிகள் சீட்டு ஒட்டி வரிசையாக இருந்தன. ஒன்றில் மெழுகுக் காகிதத்தில் இரண்டு முன் அச்சுகள், பிரிக்காமல். அந்த அம்மாள் இரண்டையும் மடியில் வைத்து, காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினாள்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா ஓட வெச்சதும் இங்க கொண்டுவரணும். நிஜச் சத்தம் நான் கேக்கணும்."

அசல் என்று தெரிந்தும் மைக்ரான் விடவில்லை. இரண்டுக்கும் சிவப்புச் சாயம் அடித்தான், துடைத்தான், வெள்ளை அடித்தான். ஒரு மணி நேரம் குந்திப் பார்த்தான். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மாமாவும் கண்ணாடி போட்டுப் பார்த்து, "தலை திறந்த நாலு" என்று ஒப்புதல் கொடுத்தார். மாட்டுவதற்கு அவனுக்கு மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு நட்டையும் இறுக்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பானரை அவள் கையில் கொடுத்து, "இழுத்துப் பாருக்கா" என்றான். அவளும் மறுக்காமல் இழுத்துப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணைக்குப் போனார்கள். ரோட்டில் மைக்ரான்தான் ஓட்டினான். பக்கத்தில் அக்கா. மாமா தீவன லாரியில் மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். பண்ணையின் வாயிலிலிருந்து கடைசிக் கொட்டகை வரை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நேரான பாதை, இரண்டு பக்கமும் வேலி. அந்த அம்மாள் கேட்டைப் பூட்டி, ஓர் ஆள்கூடப் பாதையில் இல்லை என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இந்தச் சத்தத்துல ரெண்டு நாளைக்கு முட்டை குறையும். பரவாயில்ல."

அக்கா ஓட்டுநர் இருக்கையில் இறங்கினாள். "யாருடா பக்கத்துல?"

மைக்ரான் ஓரடி எடுத்து வைப்பதற்குள் மாமா வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். "நான் படிக்கறேன், நீ ஓட்டு" என்றார்.

அச்சாபீசில் புரூஃப் பார்க்க இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும், கமா, புள்ளி ஒன்று விடாமல். மாமா அந்த வேலையை முப்பத்தெட்டு வருஷம் செய்தவர். வண்டி உறுமிக் கிளம்பியது. வேலியோரம் நின்றவர்களுக்குப் புழுதிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "நேரா… நேரா… இடது பக்கம் கொஞ்சம் இடம் விடு… கமா… கமான்னேன்… சரி, நேரா… முற்றுப்புள்ளி! முற்றுப்புள்ளி!"

வண்டி கடைசிக் கொட்டகைக்குப் பத்தடி முன்னால் நின்றது. திரும்பி வந்தது. இரண்டாவது சுற்றில் கமாக்கள் குறைந்தன. மூன்றாவது சுற்றில் அக்காவின் சிரிப்பு எஞ்சினுக்கு மேல் கேட்டது. மாமாவின் கண்ணாடி நெற்றிக்குப் போயிருந்தது. அவர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், இன்னமும் படித்துக்கொண்டிருந்தார்.

வேலியோரம் வந்து நின்றதும் அக்கா தானாகவே சாவியைத் திருப்பி அணைத்தாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "போதும்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

பண்ணைக்கார அம்மாள் வண்டியின் மூக்கில் கை வைத்தாள். சூடாக இருந்தது. "புலி மாதிரி இருக்கும்னு சொல்லிட்டே இருப்பார்" என்றாள். "இவ்வளவு நல்லா இருக்கும்னு சொல்லவே இல்லையே." தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற சிவப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அதையும் ஓட வைக்கணும்க்கா. சாமானெல்லாம் இருக்கு. ஆளுதான் இல்ல. எல்லாரும் ஏமாத்திடுவாங்கன்னு பயமா இருக்கு."

"இவன்கிட்ட குடுங்க" என்றாள் அக்கா, தம்பி நிற்கிற திசையில் கையைக் காட்டி. கை சரியாக அவனைத்தான் காட்டியது. "என் தம்பிங்கறதுக்காகச் சொல்லல. இவன் ஏமாத்த மாட்டான். ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணினான். ஒரு ராத்திரிக்கு மேல தாங்க முடியல அவனால."

மைக்ரான் சட்டென்று இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். அச்சு சூடேறியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி உள்ளங்கையை அதன் நடுவில் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது, இருக்க வேண்டிய அளவுக்கு. கையை எடுக்காமல் அப்படியே இருந்தான்.

"என்னடா, ஏதாவது கோளாறா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப எந்திரிச்சு வந்து அந்தம்மாவுக்குப் பதில் சொல்லு."

அவன் எழுந்து முகத்தைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு, சிவப்பு வண்டியிடம் போனான். வெள்ளைக் கோழி திரும்பவும் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டி அவனை முறைத்தது.

"குஞ்சு பொரிக்க இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டான்.

"ஒன்பது நாள்."

"அதுவரைக்கும் எடுக்க வேண்டாம்" என்றான் மைக்ரான். "பத்தாம் நாள் வந்து எடுத்துக்கறேன்."